பூசி மெழுகிய வண்டிகள்



பழைய லேண்ட் ரோவர், பழைய டொயோட்டா லேண்ட் குரூசர் என்று சொன்னாலே முகம் மலர்கிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த வண்டிகள் ஏறிய மலைகளையும் கடந்த பாலைவனங்களையும் பற்றி நான் பேச வரவில்லை. எங்கோ ஒரு நாட்டில் உழைத்துத் தேய்ந்து, ஒரு பட்டறையில் புதுப்பிக்கப்பட்டு, கப்பலேறி அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் வண்டியை வாங்க நினைப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சு.

வரிசை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு வண்டியைப் புதுப்பிக்கும்போது கடைசியாக அடிப்பது பெயின்ட். வாங்குகிறவர் கண்ணில் முதலில் படுவதும் அதே பெயின்ட்தான். ஏமாற்று வேலைக்கு வேண்டிய இடம் முழுவதும் இந்த இடைவெளியில் கிடைத்துவிடுகிறது. அதனால், வேலை எந்த வரிசையில் நடந்திருக்க வேண்டுமோ அந்த வரிசையிலேயே நாமும் பார்க்க வேண்டும். முதலில் வண்டியின் அடையாள எண்ணும் பத்திரமும், அடுத்து சேஸி, பிறகு பாடி, அதன்பின் இன்ஜினும் ஒயரிங்கும். பெயின்ட் கடைசி.

இந்த வாணிபம் ஏன் அமெரிக்காவில் இவ்வளவு பெருகியது? லேண்ட் ரோவரின் டிஃபெண்டர் அங்கே முறைப்படி விற்பனையானது மிகக் குறுகிய காலம். 1993-இல் 110 வகை 500 வண்டிகள் வந்தன. அதன்பின் 90 வகை 1994, 1995, 1997 மாடல்களாக விற்றது, அத்தோடு சரி. டொயோட்டாவின் லேண்ட் குரூசர் எஃப்.ஜே.40 அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது 1983-இல். ஆசைப்படுகிறவர் பலர், உள்ளூரில் கிடைப்பதோ சில. மிச்சத் தேவையைப் பிரிட்டனும் ஐரோப்பாவும், லேண்ட் குரூசர் என்றால் கொலம்பியா போன்ற தென் அமெரிக்க நாடுகளும் தீர்த்துவைக்கின்றன.

ஆனால் வேண்டியதையெல்லாம் கொண்டுவந்துவிட முடியாது. அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாராகாத வண்டியை, அது தயாராகி 25 ஆண்டுகள் நிறைந்த பிறகுதான் விலக்குப் பெற்று இறக்குமதி செய்யலாம். 1988-இல் வந்த சட்டத்தின் விளைவு இது. 25 ஆண்டுகளைக் கணக்கிடுவது தொழிற்சாலையில் தயாரான மாதத்திலிருந்து. மாடல் ஆண்டோ முதல் பதிவு நாளோ கணக்கில் வராது. புகை விதிக்கு வேறு கணக்கு: 21 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும், இன்ஜின் அமைப்பும் மூலத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும். பழைய வண்டிக்குள் புது இன்ஜினை இறக்கிவிட்டு இந்த விலக்கைக் கேட்டால் சிக்கல்தான். பக்கத்து நாடான கனடாவில் வரம்பு 15 ஆண்டுகள். இந்தியாவில் கதையே தலைகீழ். பயன்படுத்திய வண்டி மூன்று ஆண்டுக்கு மேல் பழையதாக இருந்தால் பொதுவாக உள்ளே வர முடியாது. அங்கே பழையதாக இருந்தால்தான் அனுமதி, இங்கே பழையதாக இருந்தால் தடை.

சுங்கவரியிலும் ஒரு வேடிக்கை உண்டு. 1960-களில் மேற்கு ஐரோப்பிய நாடுகள் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. பதிலுக்கு அமெரிக்கா 1964 முதல், இறக்குமதியாகும் சிறு டிரக்குகளுக்கு 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை ஓய்ந்து பல காலம் ஆகிவிட்டது. வரி ஓயவில்லை. ஆகவே பழைய லேண்ட் ரோவரைக் கொண்டுவருகிறவர், அது பயணிகள் வண்டியாகக் கணக்காகுமா சரக்கு வண்டியாகக் கணக்காகுமா என்பதைச் சுங்க முகவரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

இந்த 25 ஆண்டு வரம்புதான் முதல் மோசடிக்கும் பிறப்பிடம். வரம்பைத் தாண்டிய பழைய வண்டியின் அடையாள எண் தகட்டை எடுத்து, வரம்பை எட்டாத புதிய வண்டியில் அடித்துவிடுவது. 2013-இல் அமெரிக்கச் சுங்கத் துறை, எண் மாற்றப்பட்ட டிஃபெண்டர் ஒன்றை இயந்திரத்தில் போட்டு நொறுக்கி, அந்தக் காணொளியையும் வெளியிட்டது. 2014 ஜூலையில் புலனாய்வு அதிகாரிகள் பல மாநிலங்களில் உரிமையாளர்களின் வீடு தேடிச் சென்று 40 டிஃபெண்டர்களைக் கைப்பற்றினார்கள். வழக்குக்குப் பின் அவற்றில் பல திரும்பிவந்தன. ஆனாலும் பணம் கொடுத்து வாங்கிய வண்டி வாசலிலிருந்து இழுத்துச் செல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். அவர்களில் பலர் நேரடியாக இறக்குமதி செய்தவர்கள்கூட அல்ல.

ஆகவே முதல் சோதனை எண். டிஃபெண்டரின் எண் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று, பிரேக் பெடல் பெட்டியின் மேல் உள்ள தகடு. மற்றொன்று, வலப்பக்க முன்சக்கரத்துக்கு அருகே சேஸியிலேயே குத்தப்பட்ட எழுத்து. இரண்டும் பத்திரத்தோடு பொருந்த வேண்டும். தகட்டைப் பிடித்திருக்கும் ரிவெட் மட்டும் புதிதாகப் பளபளத்தால் ஏன் என்று கேளுங்கள். சேஸியில் எண் குத்திய இடத்தைச் சுற்றி அரம் போட்ட தடமோ வெல்டிங் மேடோ இருந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். சேஸியை மாற்றியிருந்தால் அதில் தொழிற்சாலை எண் இருக்காது. மாற்றுவது குற்றமல்ல, ஆனால் மாற்றியதற்குப் பில் இருக்க வேண்டும், எண் எப்படி வந்தது என்பதற்கு விளக்கமும் இருக்க வேண்டும்.

எண்ணைத் தாண்டி வண்டியே தன் வயதைச் சொல்லும். டிஃபெண்டரில் 200 டி.டி.ஐ. இன்ஜின் வந்தது 1990-இல், 300 டி.டி.ஐ. 1994-இல். ஐந்து சிலிண்டர் டி.டி.5 வந்தது 1998-இல். கண்ணாடிகளின் மூலையில் தயாரிப்புக் குறி இருக்கும். சீட் பெல்ட்டின் அடியில் தைத்த துணிச்சீட்டில் ஆண்டு இருக்கும். இவற்றில் ஒன்று மட்டும் பிந்தையது என்றால், உடைந்ததை யாரோ மாற்றியிருக்கலாம், தவறில்லை. 1985 என்று பத்திரம் சொல்லும் வண்டியில் கண்ணாடி, பெல்ட், இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாமே பதினைந்து ஆண்டு பிந்தியவை என்றால் அது 1985 வண்டி அல்ல. இங்கிலாந்தின் கேய்டன் கிராமத்தில் பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பார்த்து, வண்டி தயாரான நாள், மூல நிறம், இன்ஜின் எண், அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றைச் சான்றிதழாக எழுதித் தருகிறார்கள். வண்டிக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் ஒரு பொருட்டே அல்ல.

ஏற்கெனவே இறக்குமதியாகிவிட்ட வண்டியை அமெரிக்காவிலேயே ஒருவரிடமிருந்து வாங்குகிறீர்களா? போக்குவரத்துத் துறையின் எச்.எஸ்-7 படிவம், சுற்றுச்சூழல் முகமையின் 3520-1 படிவம், சுங்கத்தின் 7501 நுழைவுப் படிவம் மூன்றின் நகலையும் கேளுங்கள். ஏதோ ஒரு மாநிலத்தில் பதிவாகி நம்பர் பிளேட்டோடு ஓடுகிறது என்பது முறையாக இறக்குமதியானதற்குச் சான்றாகாது.

எண் சரி. இனி தரையில் படுக்க வேண்டும். கோட்டு சூட்டு அணிந்து வண்டி பார்க்கப் போகாதீர்கள்.

1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவர் அறிமுகமானது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் பாடியின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவையில் செய்தார்கள். சேஸி எஃகு. இன்ஜினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவே நிற்கும் பல்க்ஹெட் என்ற தடுப்புச் சட்டமும் எஃகு. 2016 ஜனவரி 29 அன்று சோலிஹல் தொழிற்சாலையில் அதன் வழிவந்த பழைய டிஃபெண்டரின் கடைசி வண்டி இறங்கும் வரை அடிப்படை ஏற்பாடு இதுதான். இதிலிருந்து பிறந்த நம்பிக்கை ஒன்று உண்டு: லேண்ட் ரோவர் அலுமினியம், துருப்பிடிக்காது என்று. வெளித்தகடு துருப்பிடிக்காது, உண்மை. அதனால்தான் ஆபத்து. மேலே தகடு நேராக, பளிச்சென்று நிற்கும்போது அடியில் சேஸி உளுத்துப்போயிருக்கும்.

சேஸி உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. அது தகடுகளை வெல்டு செய்து பெட்டி போலக் கட்டிய சட்டம். துளைகள் வழியாகச் சேறும் நீரும் உள்ளே போகும், பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் கூடவே போகும். உள்பக்கத்தில் பெயின்ட் சரியாக இருக்காது. வெளியே ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகட்டின் கனத்தில் பெரும்பகுதி போயிருக்கும். பின்கோடியில் குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பர் முதலில் போகும், ஏனென்றால் பின்சக்கரங்கள் வாரி இறைக்கும் சேறு முழுக்க அதன்மேல்தான் விழுகிறது. அடுத்து, பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் அவுட்ரிகர்கள். பிறகு ஸ்பிரிங் பிடிமானங்கள்.

கையில் ஒரு சிறு சுத்தியல், ஒரு டார்ச் போதும். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு சேஸியை நெடுகத் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடமும் பட்டி அடைத்த இடமும் மொத்தென்று அடங்கிப்போகும். சேஸி முழுவதும் புத்தம்புதிய கறுப்புப் பூச்சு, அதுவும் தடிமனாக, போல்ட் நட்டெல்லாம் சேர்த்து அடித்திருந்தால் அதை மெச்சாதீர்கள். ஓதம் ஏறிய சுவருக்கு விற்பதற்கு முதல் நாள் வெள்ளையடிப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முறையாகச் செய்தவர் மணல் வீசித் துருவை உரித்து, வெல்டு வைத்து, பிரைமர் அடித்து, பிறகு பூசியிருப்பார். ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வைத்திருப்பார்.

வெல்டிங்கிலும் இரண்டு வகை உண்டு. அழுகிய தகட்டை நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகட்டை வைத்து முழு நீளத்துக்கு வெல்டு செய்வது ஒன்று. அழுகலை அப்படியே விட்டு அதன்மேல் ஒட்டுத் தகடு வைத்து நாலு இடத்தில் புள்ளி வைப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் இரண்டு தகட்டுக்கும் நடுவே நீர் தங்கும், முன்பைவிட வேகமாகத் துரு ஏறும். ஒட்டின்மேல் ஒட்டு என்று மூன்று அடுக்கு தெரிந்தால், வாங்குகிறவர் புதுச் சேஸியின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த கால்வனைஸ்டு சேஸி போட்டிருக்கிறோம் என்பார்கள். உண்மையானால் அது மிக நல்ல செய்தி. துத்தநாகம் உள்ளேயும் வெளியேயும் படிந்திருக்கும். எனவே வடிகால் துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளியே சாம்பல், உள்ளே செம்மண் நிறம் என்றால் அது வெள்ளி நிறப் பெயின்ட்.

பல்க்ஹெட்டை மறந்துவிடாதீர்கள். கால் வைக்கும் குழிகளில் மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். முன்கண்ணாடியின் கீல் அருகே மேல்மூலைகளைப் பாருங்கள், கதவுத்தூணின் அடியைப் பாருங்கள். பல்க்ஹெட்டைச் சரியாகப் பழுதுபார்க்க வண்டியின் முன்பாதியையே கழற்ற வேண்டும். அந்த உழைப்பு ஒரு புகைப்படத்திலும் அழகாகத் தெரியாது. அதனாலேயே அவசரப் பட்டறைகள் அதைத் தொடாமல் பெயின்ட் அடித்துவிடுகின்றன. கதவின் அடிவிளிம்பில் பெயின்ட்டுக்குக் கீழே வெள்ளைப் பொடி பூத்திருந்தால், எஃகுச் சட்டத்தின்மேல் மடித்த அலுமினியம் அரிக்கப்படுகிறது என்று பொருள். இரண்டு உலோகமும் உப்பு நீரில் சேர்ந்தால் அலுமினியம் கரையும். மேலே பட்டி போட்டு மறைத்தாலும் ஓரிரு மழைக்காலத்தில் மறுபடி பூக்கும்.

லேண்ட் குரூசர் எஃப்.ஜே.40-க்கு வருவோம். 1960 முதல் 1984 வரை தயாரான வண்டி இது. இதில் பாடியும் எஃகு. ஆகவே லேண்ட் ரோவரில் பயன்படாத ஒரு கருவி இங்கே பயன்படும்: காந்தம். மெல்லிய துணியில் ஒரு காந்தத்தைச் சுற்றி, பின்சக்கர வளைவு, பக்கவாட்டுப் பலகையின் அடிப்பகுதி, பின்கோடி, கூரை ஓரக் கால்வாய் ஆகிய இடங்களில் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் பிடித்து, நாலு அங்குலம் தள்ளிப் பிடிக்காமல் வழுக்கினால் அங்கே கனமாகப் பட்டி இருக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் சிறு கருவியும் கிடைக்கிறது. அதன் எண் ஒரே பலகையில் திடீரென்று பல மடங்கு எகிறினால் காரணம் கேளுங்கள். சிறு நெளிவைச் சமன்செய்ய மெல்லிய பட்டி போடுவது எல்லா நாட்டிலும் டிங்கரிங் வேலையின் பகுதிதான். ஓட்டையை அடைக்கப் பட்டி போடுவதுதான் குற்றம்.

எஃப்.ஜே.40-இல் இன்னொரு தொல்லை, வெவ்வேறு ஆண்டு வண்டிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு வண்டியாக்குவது. 1970-களின் நடுவில் 3.9 லிட்டர் எஃப் இன்ஜின் போய் 4.2 லிட்டர் 2எஃப் வந்தது. 1979 வாக்கில் முன்விளக்குச் சட்டத்தின் வடிவம் மாறியது, இருக்கைக்கு அடியில் இருந்த பெட்ரோல் டேங்கும் வண்டியின் பின்புற அடிப்பகுதிக்குப் போனது. 1972 வண்டி என்று விற்கிறார்கள், விளக்குச் சட்டம் 1980-களுடையது, டேங்க் பின்னால் என்றால் அது எத்தனை வண்டிகளின் கூட்டு என்று கேட்கத்தான் வேண்டும். இப்படிச் சேர்த்த வண்டி நன்றாக ஓடலாம். வாடிக்கையாளர் அதைத் தெரிந்தே வாங்கினால் தவறும் இல்லை. மூல வண்டியின் விலையைக் கேட்பதுதான் தவறு.

பாடியைச் சேஸியிலிருந்து தூக்கி முழுவதும் புதுப்பித்தோம் என்று விளம்பரம் சொல்லும். தூக்கினார்களா என்பதை நாமே பார்த்துவிடலாம். பாடி சேஸியில் உட்காரும் இடங்களில் ரப்பர் கட்டைகள் புதிதா? அந்தப் பிடிமானங்களின் பின்புறத்திலும் பெயின்ட் இருக்கிறதா? கதவு ரப்பரின் ஓரத்திலும் ஒயர்க் கட்டிலும் பெயின்ட் தெறித்திருந்தால், எதையும் கழற்றாமல் காகிதம் ஒட்டி அடித்திருக்கிறார்கள்.

இன்ஜினைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போகும்போது இன்ஜின் சூடாக இருந்தால், ஆறும் வரை காத்திருந்து மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப்புகை வந்தால் கூலன்ட் உள்ளே போகிறதா, டீசல் சரியாக எரியவில்லையா என்று பார்க்க வேண்டும். நான்கு சக்கர ஓட்டத்தையும் லோ ரேஞ்சையும் போட்டே ஆக வேண்டும், டிஃபெண்டர் என்றால் டிஃப் லாக்கையும் போட்டுப் பாருங்கள். அலங்கார வண்டிகளில் அந்த நெம்புகோலைப் பல ஆண்டாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். லேண்ட் ரோவர்க்காரர்களிடம் ஒரு பழைய கிண்டல் உண்டு: அடியில் ஆயில் சொட்டவில்லையென்றால் உள்ளே ஆயில் இல்லை. சிறு கசிவுக்கு அஞ்ச வேண்டாம். முன்அச்சின் நுனியில் சக்கரம் திரும்பும் உருண்டையின் பளபளப்புப் பூச்சு உரிந்து குழிவிழுந்திருந்தால் மட்டும் செலவு காத்திருக்கிறது.

ஒயரிங்கில் அவசர வேலை நன்றாகவே காட்டிக்கொடுக்கும். பாடியில் பெயின்ட் அடித்தவர் எர்த் போல்ட் உட்காரும் இடத்திலும் அடித்துவிட்டால் மின்சாரம் திரும்பும் வழி அடைபடும். இண்டிகேட்டர் போட்டால் பார்க்கிங் விளக்கும் சேர்ந்து மினுங்கும், பிரேக் மிதித்தால் மற்றொன்று மங்கும். எல்லா ஸ்விட்சையும் ஒரே நேரத்தில் போட்டுப் பாருங்கள்.

பத்திரங்களில் பிரிட்டன் ஒரு வரம் தந்திருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்ற தகுதிச் சோதனையின் பதிவுகள் 2005 முதல் கணினியில் இருக்கின்றன. வண்டியின் நம்பரை அரசின் இணையதளத்தில் கொடுத்தால் எந்த ஆண்டு தேறியது, எதற்காகத் தோற்றது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பின் கிராஸ்மெம்பர் அரித்திருக்கிறது என்று தொடர்ந்து எச்சரிக்கை எழுதியிருந்து, அடுத்த ஆண்டு திடீரென்று எதுவுமே இல்லையென்றால், நடுவில் நல்ல வெல்டிங் நடந்திருக்கிறது அல்லது கறுப்புப் பெயின்ட் நடந்திருக்கிறது. எது என்று பில்லும் படமும் சொல்லும். கப்பலேறும் முன் அந்த ஊரிலேயே உள்ள, விற்பவரோடு தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கை வைத்து வண்டியைத் தூக்கிப் பார்க்கச் செய்வது அவசியம். அடிப்பகுதியில் அயல்மண் ஒட்டியிருந்தால் அமெரிக்க வேளாண் அதிகாரிகள் துறைமுகத்தில் நிறுத்துவார்கள் என்பதால் எப்படியும் அடியைக் கழுவித்தான் அனுப்புவார்கள். கழுவிய பிறகு ஒருமுறை படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சேறு மறைத்தது அப்போது தெரியும்.

நண்பர்களே, இத்தனையும் கேட்டபின் ஒரு கேள்வி எழும். எல்லாம் இவ்வளவு சந்தேகத்துக்கிடம் என்றால் வாங்கவே வேண்டாமா? வாங்கலாம். ஆனால் பளபளக்கும் வண்டிக்கும், பெயின்ட் மங்கி, சீட் கிழிந்து, சேஸி மட்டும் கணீரென்று ஒலிக்கும் வண்டிக்கும் நடுவே தேர்ந்தெடுக்க வேண்டி வந்தால் இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். மங்கிய வண்டியில் குறை எங்கே என்று தெரியும், அதற்கு விலை பேசலாம். பளபளக்கும் வண்டியில் குறையை மறைத்த செலவையும் நம்மிடம் வாங்கிக்கொண்டு, அந்தக் குறையையும் நம்மிடமே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். இந்த வண்டிகள் விவசாயிக்கும் காட்டு இலாகாக்காரருக்கும் செய்யப்பட்டவை. பெரிய பட்டறை பக்கத்தில் இல்லாத இடத்தில், நாலு ஸ்பேனரோடு ஒருவர் கழற்றி மாட்ட வேண்டும் என்பதே அவற்றின் வடிவமைப்பு. எழுபது ஆண்டாகியும் அவை ஓடுவதற்குக் காரணமும் அதுதான். போல்ட் இருந்த இடத்தில் வெல்டு, தகடு இருந்த இடத்தில் பட்டி, கட்டு ஒயர் இருந்த இடத்தில் டேப் சுற்றிய முடிச்சு என்று செய்த பழுதுபார்ப்பு அந்தப் பண்பையே அழித்துவிடுகிறது. ஆகவே பேரம் பேசுவதற்கு முன் எந்தப் பாகத்தையும் காட்டி ஒரே கேள்வி கேளுங்கள்: இது நாளை பழுதானால் அடுத்த மெக்கானிக் இதை எப்படிக் கழற்றுவார்? வேலை தெரிந்தவர் உடனே குனிந்து காட்டத் தொடங்குவார். பெயின்ட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பவரிடம் நன்றி சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.